ஓய்வுகாலச் சேமிப்பும் இரட்டைச் சுங்கமும்

கை கால் ஓய்ந்த காலத்திற்கென்று மனிதன் ஒதுக்கி வைக்கும் பணத்திற்குச் சர்க்கார் வரி வாங்கலாமா என்பது இன்று விவாதமன்று. வரி இருக்கிறது, இருக்கத்தான் போகிறது. அதை எப்பொழுது வாங்குவது, எத்தனை முறை வாங்குவது என்பதே கேள்வி. ஒரு முறை வாங்குவது ராஜ்ய தர்மம். அதே பணத்தை இரண்டு இடங்களில் மறித்து இரண்டு முறை வாங்குவது எந்தத் தர்மத்திலும் சேராது. அமெரிக்காவில் உழைத்துவிட்டுத் தாய்நாடு திரும்பும் நம்மவர்களில் ஒரு சாராருக்கு இந்த இரண்டாவது கதிதான் நேரக்கூடிய நிலையில் இருக்கிறது. அதைக் குறித்து நமது அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டியது அவசியமெனக் கருதுகிறோம்.

மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் செல்லும் வழியில் உள்ள பெரும்பாக்கத்தை நமது வாசகர்கள் அறிவார்கள். ஏரியும் வயலும், அருகே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமுமாக இருந்த ஊர் அது. இன்று அங்கே இரண்டு விதமான மாடிகள் எழுந்திருக்கின்றன. ஒன்று, கணினித் தொழிலில் ஊதியம் பெறுவோர் வாங்கிக் குடியேறும் அடுக்கு வீடுகள். மற்றொன்று, சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழை மக்களுக்காகச் சர்க்கார் கட்டிய எட்டு மாடிக் குடியிருப்புக்கள். முதல் விதமான வீடுகளில் குடியிருப்போருள் பத்து, பதினைந்து வருஷங்கள் அமெரிக்காவில் பணி செய்து திரும்பியவர்களும் உண்டு. 2025 செப்டம்பரில் அந்நாட்டு ஜனாதிபதி, எச்1பி அனுமதிக்கான புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதித்துப் பிரகடனம் செய்த பிறகு, திரும்புவதா, இருப்பதா என்ற யோசனை அநேகம் குடும்பங்களில் புகுந்திருக்கிறது. திரும்பி வருகிறவர் பெட்டி படுக்கைகளைக் கொண்டுவரலாம். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றுகளைக் கொண்டுவரலாம். அங்கே சேர்ந்திருக்கும் ஓய்வுகால நிதி ஒன்றுதான் பெட்டியில் அடங்காமல் அங்கேயே நிற்கிறது.

அந்த நிதி இரண்டு வகைப்படும். ஒரு கோட்டைக்குள் சரக்கு நுழையும்போது சுங்கம் வாங்குவதும் உண்டு. வெளியேறும்போது வாங்குவதும் உண்டு. அமெரிக்காவின் பழைய வழக்கம் இரண்டாவது. 401(கே) என்ற தொழிலாளர் நிதியிலும், ஐ.ஆர்.ஏ. என்ற தனிநபர் நிதியிலும் போடும் பணத்திற்கு அந்த வருஷத்தில் வரி இல்லை. அது உள்ளே வளரும்போதும் வரி இல்லை. முதுமையில் எடுக்கும்போது முழுத் தொகைக்கும் வரி உண்டு. 1997 ஆம் ஆண்டின் வரிச் சட்டம் இதற்கு நேர்மாறான ஒரு கணக்கை உண்டாக்கிற்று. அதற்காகப் பாடுபட்ட டெலவேர் மாகாணத்துச் செனட்டர் வில்லியம் ராத் என்பவரின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. 1998 முதல் நடப்பிலுள்ள ராத் கணக்கில், வரி செலுத்தி மிஞ்சிய பணத்தையே போட வேண்டும். ஐந்து வருஷங்கள் கழிந்து, சொந்தக்காரருக்கு ஐம்பத்தொன்பதரை வயதும் நிறைந்த பிறகு எடுத்தால், முதலுக்கும் வரி இல்லை. அதன் வளர்ச்சிக்கும் வரி இல்லை. சுங்கம் நுழைவாயிலிலேயே தீர்ந்துவிடுகிறது.

பழைய கணக்கிலுள்ள பணத்தை ராத் கணக்கிற்கு மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடந்தருகிறது. ஆரம்பத்தில் வருஷ வருமானம் ஒரு லட்சம் டாலருக்கு மேற்படாதவர்களுக்கே இந்த உரிமை இருந்தது. 2010 முதல் அந்த வரம்பு நீக்கப்பட்டு எல்லோருக்கும் பொதுவாயிற்று. மாற்றும் வருஷத்தில், மாற்றிய தொகையில் அதுவரை வரி கொடாத பகுதி முழுவதும் அந்த வருஷத்து வருமானமாகவே கணக்கிடப்படும். முன்கூட்டி எடுப்போருக்கு விதிக்கும் நூற்றுக்குப் பத்து என்ற அபராதம் மாற்றத்திற்குக் கிடையாது. ஆனால் மாற்றிய தொகையை ஐந்து வருஷங்களுக்குள், ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுத்தால் அபராதம் வந்து சேரும். 2018 முதல் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒரு முறை மாற்றியதைத் திரும்பப் பழைய கணக்காக்க முடியாது. ஆகவே, ஆய்ந்து செய்ய வேண்டிய காரியம் இது.

மாற்றுவதால் லாபமா? கணக்கு எளிது. நூறு ரூபாய் இருபது வருஷத்தில் இருநூறாகப் பெருகுகிறது என்றும், வரி நூற்றுக்கு இருபது என்றும் வைத்துக்கொள்வோம். கடைசியில் வரி கொடுப்பவருக்கு இருநூறில் நாற்பது போக நூற்றறுபது மிஞ்சும். முதலில் கொடுப்பவர் எண்பது ரூபாயைப் போடுகிறார்; அது இரட்டித்து அதே நூற்றறுபது ஆகிறது. விகிதம் ஒன்றாயிருந்தால் எந்த வாயிலில் கொடுத்தாலும் வித்தியாசம் இல்லை. இன்றைய விகிதம் குறைவாகவும் பிற்காலத்து விகிதம் அதிகமாகவும் இருந்தால்தான் மாற்றம் லாபம். ராத் கணக்கில் மாயம் ஒன்றுமில்லை; விகித வித்தியாசமே அதன் பயன்.

ஊர் திரும்புகிறவருக்கு அத்தகைய வித்தியாசம் உண்டாகும் காலம் ஒன்று இருக்கிறது. நமது வருமான வரிச் சட்டம், குடியிருப்பவர், குடியிருக்காதவர் என்ற இரு வகுப்பாருக்கு இடையே, குடியிருந்தும் வழக்கமாகக் குடியிருப்பவரென்று கருதப்படாத மூன்றாவது வகுப்பு ஒன்றை வைத்திருக்கிறது. 1939 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் புகுந்த வகுப்பு இது. முந்திய பத்து வருஷங்களில் ஒன்பதில் இந்தியாவில் குடியிருக்காதவராக இருந்தவரும், முந்திய ஏழு வருஷங்களில் 729 நாட்களுக்கு மேற்படாமல் இங்கே தங்கியவரும் இதில் அடங்குவர். இவர்களுக்கு வெளிநாட்டில் விளையும் வருமானத்தின் மீது, இங்கிருந்து நடத்தப்படும் தொழிலின் வருமானம் நீங்கலாக, இந்தியாவில் வரி இல்லை. ஒரு காலத்தில் இந்தச் சலுகை ஒன்பது வருஷம் வரை நீடிக்க இடமிருந்தது. 2003 ஆம் ஆண்டு நிதிச் சட்டம் விதியின் சொற்களை மாற்றியது. அதன் பிறகு நெடுங்காலம் வெளியே இருந்தவருக்குக்கூட இரண்டு வருஷம், சில சமயம் மூன்று வருஷம், அவ்வளவே கிடைக்கிறது.

இந்த இரண்டு மூன்று வருஷங்களில் கணக்கை மாற்றினால் அமெரிக்க வரி ஒன்றே உண்டு. இந்திய வரி இல்லை. உதாரணத்திற்கு, அமெரிக்கப் பிரஜைகளான தம்பதியர் 2025 ஆம் ஆண்டில் வேறு வருமானம் ஏதுமின்றி ஐம்பதாயிரம் டாலரை மாற்றினார்கள் என்று வைத்துக்கொள்வோம். சேர்ந்து கணக்குக் காட்டும் தம்பதியருக்கு அந்த ஆண்டில் அமெரிக்கச் சட்டம் அளித்த பொதுக் கழிவு 31,500 டாலர். மீதம் 18,500 டாலருக்கு நூற்றுக்குப் பத்து வீதம் வரி 1,850 டாலர்தான். உத்தியோகத்தில் இருந்த காலத்தில் இதே தொகைக்கு இதைப் போல் பல மடங்கு கொடுக்க நேர்ந்திருக்கும். ஆனால் பிரஜை உரிமையோ, பச்சை அட்டையோ இல்லாமல் திரும்பியவருக்கு இந்தப் பொதுக் கழிவு பொதுவாகக் கிடையாது. ஒருவர் செய்தார் என்று கேட்டு மற்றொருவர் செய்வது ஆபத்து.

இதுவரை எல்லாம் சரி. அந்தச் சலுகைக் காலம் முடிந்து, உலகில் எங்கு விளையும் வருமானத்திற்கும் இங்கே வரி கொடுக்க வேண்டிய குடியிருப்பாளராக ஆன பிறகு என்ன? சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

வெளிநாட்டு நிதியில் ஆண்டுதோறும் சேரும் வட்டிக்கும் லாபத்திற்கும் நமது சட்டம் அவ்வப்போதே வரி கேட்டது. அமெரிக்காவோ எடுக்கும்போது கேட்டது. ஒரே பணத்திற்கு இரண்டு சர்க்கார்களும் வெவ்வேறு வருஷங்களில் வரி வாங்கியதால், ஓரிடத்தில் கொடுத்ததை மற்றோரிடத்தில் கழித்துக்கொள்ள முடியாமல் போயிற்று. 2021 ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் 89ஏ என்ற பிரிவைச் சேர்த்து இதற்குப் பரிகாரம் செய்தார். அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாடுகள் 2022 ஏப்ரலில் இதற்கென அறிவிக்கப்பட்டன. அந்நாடுகளில் வசித்தபோது ஓய்வுகாலக் கணக்குத் தொடங்கியவர், வருமானக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் தமது விருப்பத்தைத் தெரிவித்துக்கொண்டால், அந்நாடு எப்பொழுது வரி வாங்குகிறதோ அப்பொழுதே இந்தியாவும் வாங்கும். 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இதற்கு 10இஇ என்ற படிவம் வகுக்கப்பட்டது. நல்ல ஏற்பாடு, பாராட்டத் தக்கது.

ஆனால் அந்தப் பிரிவு எந்தக் கணக்கிற்குப் பொருந்தும் என்பதைச் சொல்லும் வாசகத்தைப் படித்துப் பாருங்கள். சேரும்போது வரி விதிக்கப்படாமல், எடுக்கும்போது அந்நாட்டால் வரி விதிக்கப்படும் கணக்கு என்பது அதன் கருத்து. ராத் கணக்கில் எடுக்கும்போது அமெரிக்கா வரி விதிப்பதில்லை. அதுவே அதன் லட்சணம். ஆகவே, வாசகத்தை உள்ளபடியே பொருள் கொண்டால் ராத் கணக்கு இந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறது. அதன் வளர்ச்சிக்கு இந்தியா வரி கேட்கலாம். அமெரிக்காவில் மாற்றும்போது கொடுத்த வரியைக் காட்டிக் கழிவு கேட்கவும் வழியில்லை. எந்த வருமானத்தின் மீது வெளிநாட்டில் வரி கொடுத்தோமோ, அதே வருமானம் இங்கே வரிக்கு உட்படும் வருஷத்தில்தான் கழிவு உண்டு என்பது விதி. நுழைவாயிலில் கொடுத்த சுங்கத்திற்கு ரசீது கையில் இருக்கிறது. ஆனால் இக்கரையில் அந்த ரசீது செல்லாது.

1989 செப்டம்பரில் புது டில்லியில் கையெழுத்தான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உதவாதா என்று கேட்கலாம். அதன் இருபதாவது ஷரத்து, ஓய்வூதியத்திற்கு அதைப் பெறுபவர் குடியிருக்கும் நாட்டிற்கே வரி விதிக்கும் உரிமை என்கிறது. ராத் கணக்கு பிறந்ததோ அதற்கு எட்டு வருஷங்களுக்குப் பின். பிறக்காத பிள்ளையின் பெயர் பழைய பத்திரத்தில் எப்படி இருக்கும்? மற்ற தேசங்கள் இதைக் கவனியாமல் விட்டுவிடவில்லை. பிரிட்டன் 2001 ஆம் ஆண்டில் அமெரிக்காவுடன் செய்த ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட குறிப்புகளில் ராத் கணக்கும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. கனடா 2007 ஆம் ஆண்டில் கையெழுத்திட்ட திருத்தத்தில் ராத் கணக்கை ஓய்வூதியமாகவே ஏற்றுக்கொண்டது; கனடாவில் குடியேறிய பிறகு அதில் புதுப்பணம் போடக் கூடாது என்ற நிபந்தனையையும் வைத்தது. டொராண்டோவில் குடியேறும் தமிழர் பெறும் நியாயத்தைப் பெரும்பாக்கத்திற்குத் திரும்பும் தமிழர் பெறாதிருப்பானேன்?

நுழைவாயிலில் வாங்கிவிட்டு வெளிவாயிலைத் திறந்து விடுவது நமது கொள்கைக்கு மாறு என்று டில்லி சொல்லவும் முடியாது. நமது பிராவிடெண்ட் பண்டிலும், 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த பொதுச் சேமநிதியிலும், போடும்போது கழிவு, சேரும்போது விலக்கு, எடுக்கும்போதும் விலக்கு என்று இருந்தது. 2020 ஆம் ஆண்டில் புகுத்தப்பட்டு, 2023-24 முதல் பொது முறையாக்கப்பட்ட புதிய வரி முறையில், தொழிலாளி தன் பங்காகப் போடும் தொகைக்குக் கழிவு கிடையாது. அதாவது, வரி கொடுத்த பணத்தைப் போடுகிறார். பிற்காலத்தில் வரியின்றி எடுக்கிறார். வருஷத்திற்கு இரண்டரை லட்சத்திற்கு மேற்பட்ட சந்தாவின் வட்டிக்கு 2021 முதல் வரி உண்டு என்பது தவிர, இது பெயர் சூட்டாத ராத் கணக்கு அல்லாமல் வேறென்ன? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற நியாயம் வரிச் சட்டத்திற்கு அழகல்ல.

வெளிவாயிலில் புதிதாகச் சுங்கம் வைத்தால் ஜனங்கள் பொறுக்கமாட்டார்கள் என்பதையும் டில்லி அனுபவத்தில் கண்டிருக்கிறது. 2016 பிப்ரவரி 29 அன்று அருண் ஜேட்லி சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில், பிராவிடெண்ட் பண்டிலிருந்து எடுக்கும் தொகையில் ஒரு பெரும் பகுதிக்கு வரி விதிக்கும் யோசனை இருந்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. மார்ச் 8 அன்றே அதை வாபஸ் பெற வேண்டியதாயிற்று. சேமிக்கத் தொடங்கியபோது சொன்ன சொல்லை, எடுக்கும் நேரத்தில் மாற்றக் கூடாது என்பதே அன்று தொழிலாளர் கேட்ட நீதி. கடல் கடந்து சேமித்தவர் கேட்பதும் அதே நீதிதான்.

டாலரில் சேமித்தவர்களின் குறைக்கு இத்தனை வரிகளா என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. பெரும்பாக்கத்து எட்டு மாடிக் குடியிருப்பிலிருந்து கணினி அலுவலகங்களைத் துப்புரவு செய்யவும் காவல் காக்கவும் போகிறவர்களுக்கும் பிராவிடெண்ட் பண்டு பிடிக்கப்படுகிறது. ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் கணக்கை முடித்துப் பணத்தை எடுத்துவிடுவது அவர்களிடையே காணும் வழக்கம். ஐந்து வருஷத் தொடர்ச்சியான சேவை நிறையுமுன் எடுத்த தொகை வருமானமாகக் கருதப்படும். அது ஐம்பதாயிரம் ரூபாயை எட்டினால் நூற்றுக்குப் பத்து பிடித்துக்கொள்வார்கள். பான் எண் தராதவருக்குப் பிடிப்பு இன்னும் அதிகம். வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாதவர், உரிய படிவத்தில் எழுதிக் கொடுத்தால் பிடிப்பைத் தவிர்க்கலாம். இது தெரியாமல் பணத்தை இழக்கிறார். எடுக்காமல் அடுத்த முதலாளியின் கணக்கிற்கு மாற்றிக்கொண்டால் வரியும் இல்லை. ஐந்து வருஷக் கணக்கும் தொடரும். மேல் மாடியில் இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் பாடம் ஒன்றே: ஓய்வுகாலப் பணத்தை எந்தக் கணக்கில், எந்தக் காலத்தில் மாற்றுகிறோம் என்பதே அதன் வரியை நிர்ணயிக்கிறது. தொகையில்தான் பேதம்.

சட்டம் திருந்தும் வரை திரும்பி வருகிறவர் செய்யத்தக்கது யாது? மீண்டும் அமெரிக்காவுக்கே போய் முதுமையைக் கழிக்கக் கருதுகிறவர், சலுகைக் காலத்தில் குறைந்த விகிதத்தில் சிறிது சிறிதாக ராத் கணக்கிற்கு மாற்றிக்கொள்வதில் பொருள் உண்டு. இங்கேயே நிலைத்துவிட எண்ணும் இளவயதினர், பழைய கணக்கை மாற்றாமல் வைத்துக்கொண்டு, 89ஏ வகுத்த விருப்பத்தைக் கெடுவுக்குள் தெரிவிப்பதே பெரும்பாலும் உசிதம். அந்த விருப்பத்தைப் பின்னர் விலக்கிக்கொள்ள முடியாது. அதைத் தெரிவித்த பின் மறுபடியும் வெளிநாட்டுவாசியானால், தள்ளி வைத்த வரி மொத்தமாக வந்து சேரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஐம்பத்தொன்பதரை வயது கடந்து திரும்புகிறவருக்கு, கணக்கை மாற்றுவதைக் காட்டிலும் சலுகைக் காலத்திற்குள் பகுதி பகுதியாக எடுத்துவிடுவதே நேர்வழியாக இருக்கலாம். எவராயினும், சலுகைக் காலம் முடிந்ததும் வெளிநாட்டுக் கணக்குகளை வருமானக் கணக்கின் உரிய அட்டவணையில் காட்ட வேண்டும். காட்டத் தவறியவருக்குப் பத்து லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க 2015 ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தில் இடமுண்டு. நிலம் வீடு நீங்கலான சொத்துக்கள் மொத்தம் இருபது லட்சத்திற்கு மேற்படாதவர்களுக்கு மட்டும் 2024 அக்டோபர் முதல் அதிலிருந்து விலக்கு.

சர்க்கார் செய்ய வேண்டியது அதிகமில்லை. 1961 ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி 2025 ஆம் ஆண்டில் புதிய வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டது. வாசகங்களை எளிமைப்படுத்துவதே அதன் நோக்கமெனச் சொல்லப்பட்டது. அந்த எளிமையோடு நியாயமும் சேரட்டும். எடுக்கும்போது வரி விதிக்கப்படும் கணக்கு என்ற சொற்களோடு, முன்னமே வரி விதிக்கப்பட்ட கணக்கு என்ற சொற்களையும் சேர்த்தால் உள்நாட்டுச் சட்டத்தின் குறை தீரும். திரும்பிய பின் புதுப்பணம் போடக் கூடாது என்ற கனடாவின் நிபந்தனையையும் கூடவே வைக்கலாம். வரி ஏய்ப்புக்கு இடம் இராது. அமெரிக்காவுடனான ஒப்பந்தத்தை அடுத்து எப்போது புதுப்பித்தாலும், பிரிட்டனும் கனடாவும் கேட்டுப் பெற்றதை நாமும் கேட்டுப் பெற வேண்டும். இவற்றால் பொக்கிஷத்திற்கு நேரும் நஷ்டம், ஏற்கெனவே வரி செலுத்திய பணத்தின் மீது எதிர்பார்க்கும் இரண்டாவது வரி மட்டுமே. அது சர்க்காருக்கு நியாயமாகச் சேர வேண்டிய வருமானமே அல்ல.

அந்நிய தேசத்தில் கற்ற தொழிலையும் ஈட்டிய பொருளையும் கொண்டு தாய்நாடு திரும்புங்கள் என்று நமது மந்திரிகள் மேடைதோறும் அழைக்கிறார்கள். அழைப்பது சரி. வருகிறவர் எந்த வாயிலில் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சட்டத்தில் எழுதி வைத்துவிட்டு அழைப்பதே முறை. நாடாளுமன்றத்தில் தென்சென்னைக்கும் செங்கற்பட்டுப் பகுதிக்கும் பேச வேண்டிய அங்கத்தினர்கள் இவ்விஷயத்தை அடுத்த நிதி மசோதாவின்போது எழுப்புவார்களாக.